சொந்தக் கைவேலையில் வந்த காசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைத்தொழில் செய்து சம்பாதிக்கும் பெண்கள் குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சிக்கலைச் சுற்றியே இருந்ததால், நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் வீட்டிலேயே மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் பூத்தையல்) செய்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாண பிளவுஸ்களுக்கு ஓய்வில்லாமல் வேலை இருக்கும். வரும் பணம் முழுவதையும் மாமியாரிடம் கொடுத்துவிட வேண்டும். முத்தும் ஜரிகையும் வாங்குவதற்குக்கூட அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். “இந்த வீட்டில் உட்கார்ந்து, இந்த வீட்டுக் கரண்டில் சம்பாதித்தது இந்த வீட்டுக்குத்தான் சொந்தம்” என்கிறார் கணவர். இது சரியா? — ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: சட்டப்படி சரியல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆவது பிரிவில், ஓர் இந்துப் பெண் எந்த வழியில் சொத்தை அடைந்திருந்தாலும் அதற்கு அவளே முழு உரிமையாளர் என்று கூறுகிறது. அந்த வழிகளை அடுக்கிச் சொல்லும்போது வாரிசுரிமை, பாகப்பிரிவினை, நன்கொடை ஆகியவற்றோடு, அவள் தன் சொந்தத் திறமையாலோ உழைப்பாலோ ஈட்டியதையும் தனியே குறிப்பிடுகிறது. இஸ்லாமியச் சட்டத்தில் மனைவியின் சொத்து திருமணத்துக்குப் பிறகும் அவளுடையதாகவே இருக்கிறது. கிறிஸ்தவப் பெண்களுக்கு 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், தாமே நடத்தும் தொழிலிலும் கலைத்திறனிலும் வரும் வருவாய் அவர்களுடைய தனிச்சொத்து என்று அன்றே எழுதிவைத்தது. இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை மட்டும் அச்சட்டம் விலக்கிவிட்டது.

உங்கள் கணவர் சொன்னது அவர் புதிதாகக் கண்டுபிடித்த நியாயமன்று. காத்யாயனர் பெயரால் வழங்கும் ஸ்மிருதி என்ற பழைய தரும நூலில், பெண்ணுக்கே உரிய ஸ்திரீதனம் எது என்று வகுக்கும் இடத்தில், கைத்தொழிலால் அவள் ஈட்டிய பொருளும் உறவல்லாதவர் அன்பினால் கொடுத்த பொருளும் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவை, மற்றவையே ஸ்திரீதனம் என்று ஒரு சுலோகம் இருக்கிறது. பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுடையது, அவளே கண் நோக இழைத்ததற்கு வந்த கூலி மட்டும் அவனுடையது என்னும் இந்த விசித்திரமான கணக்கைப் பல நூற்றாண்டுகள் கழித்து நாடாளுமன்றம் மாற்றி எழுதியது. சட்டப் புத்தகத்தில் மாறிவிட்டது பல வீடுகளின் பேச்சில் இன்னும் மாறவில்லை.

மின்கட்டணத்திலும் வீட்டுச் செலவிலும் ஒரு பங்கைக் கேட்பது நியாயம்தான், மனமுவந்து கொடுங்கள். ஆனால் பங்கு கொடுப்பதும் முழுவதையும் ஒப்படைப்பதும் ஒன்றல்ல. சட்டம் உங்கள் பக்கம் இருப்பதாலேயே பணம் உங்கள் கைக்கு வந்துவிடாது என்பதால், நடைமுறையில் முதலில் பார்க்க வேண்டியது, வாடிக்கையாளர் அனுப்பும் பணம் யாருடைய கணக்கில் விழுகிறது என்பதை. இப்போது எல்லோரும் கைபேசியில்தான் பணம் அனுப்புகிறார்கள். நீங்கள் நீட்டும் கியூஆர் அட்டை கணவருடைய கணக்கினுடையதாக இருந்தால், உங்கள் உழைப்பு உங்களைத் தொடாமலேயே போய்விடுகிறது. உங்கள் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, உங்கள் கைபேசி எண்ணையே அதில் இணையுங்கள். அகமதாபாத்தில் இளா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவின் பெண்கள் 1974இல், நாலாயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களாயிற்றே என்று தயங்கியவர்களுக்கு, புகைப்படம் ஒட்டிய கணக்குப் புத்தகத்தைக் காட்டிப் பதில் சொன்னார்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் தானே சம்பாதித்த சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும்; அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்குப் போகும்; அதற்குப் பிறகுதான் பெற்ற தாய் தகப்பனுக்கு. திருமணமான சில மாதங்களில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, அவளை வெளியேற்றிய அந்த வீட்டாருக்கே உரியது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் வாசகம் அப்படி இருப்பதால், அனுதாபம் அங்கே செல்லுபடியாகாது என்றது. உயில் எழுத வயதாக வேண்டும் என்பதில்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும்.

கேள்வி: கைத்தொழிலை நம்பி ஒரு பெண் தன் காலில் நிற்பது பட்டணத்துப் புதுப் பழக்கம், நம் மரபில் பெண்ணின் கைவேலை வீட்டுக்கு அழகு சேர்க்க மட்டுமே இருந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: பெரியவர் நற்றிணையை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். 353ஆம் பாடலில் கபிலர், மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக, ‘ஆளில் பெண்டிர் தாளின் செய்த நுணங்கு நுண் பனுவல்’ என்கிறார். ஆண் துணையில்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூல் கேட்பவர் கண்ணுக்கு உடனே தோன்றக்கூடிய காட்சியாக இருந்ததால்தானே அது உவமையாயிற்று? வடக்கே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அரசின் நூல் துறைக்கு ஓர் அதிகாரியை நியமித்து, கைம்பெண்கள், உடற்குறை உள்ளவர்கள், துறவுபூண்ட பெண்கள் ஆகியோருக்கு நூற்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது. வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களுக்குப் பணிப்பெண்கள் வழியாக வேலையை அனுப்ப வேண்டும். தாமே விடியற்காலையில் நூற்சாலைக்கு வருபவர்களிடம் நூலைச் சோதிக்கும் அளவுக்கு மட்டுமே விளக்கு இருக்க வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்க்கும் அதிகாரிக்கும், வேறு பேச்சுப் பேசும் அதிகாரிக்கும், கூலியைத் தாமதிக்கும் அதிகாரிக்கும் தண்டம் உண்டு. கூலித் தாமதத்துக்குத் தண்டம் என்ற விதியை இன்றைக்கும் யாராவது நடைமுறைப்படுத்தினால் நன்றாயிருக்கும்.

ஆயினும் இதை வைத்துப் பொற்காலக் கதை சொல்லவும் கூடாது. இந்தப் பழைய நூல்களில் கைவேலையால் வாழ்ந்ததாக நாம் காணும் பெண்களில் பெரும்பாலோர் ஆதரவற்றவர்கள். கணவனோடு வாழ்ந்தவளின் கைவேலை வீட்டுக்குரியது என்று கொள்ளப்பட்டது. அந்த அளவில் உங்கள் பெரியவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதி எப்படி மாறியது என்பதற்குப் பீகாரின் மிதிலைப் பகுதியைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். அங்கே திருமணத்தின்போது மணமக்கள் தங்கும் கோபர் அறையின் சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியுமாகப் பெண்கள் ஓவியம் தீட்டுவார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த வேலை அது, கூலி கிடையாது. 1934ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் வீட்டுச் சுவர்கள் இடிந்து உள்ளறைகள் வெட்டவெளியானபோதுதான் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி அவற்றைக் கண்டு வியந்தார். 1966–67இல் பீகார் வறட்சியில் வாடியபோது, கைவினை வளர்ச்சிக்கு உழைத்த புபுல் ஜெயகரின் முயற்சியால், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் மதுபனிப் பகுதியின் கிராமங்களுக்குக் காகிதக் கட்டுகளோடு சென்று, சுவரில் வரைவதைக் காகிதத்தில் வரைந்து தரும்படி பெண்களைக் கேட்டார். குலவழக்கப்படி வெளியே கூலி வேலைக்குப் போக முடியாத உயர்சாதிப் பெண்கள், வாசற்படியைத் தாண்டாமலேயே சம்பாதிக்க அது வழிசெய்தது. சுவரை விற்க முடியாது, காகிதத்தை விற்கலாம் என்பதுதான் அடிப்படை மாற்றம். ஜிதுவார்பூரின் ஜகதம்பா தேவிக்கு 1975இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்களில் கங்கா தேவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காயஸ்தர் குலத்தின் நுண்கோட்டு முறையில் தேர்ந்த அவருக்குக் குழந்தை தங்கவில்லை. கணவர் இரண்டாம் தாரத்தைக் கொண்டுவந்தார். சொந்த வீட்டிலேயே இடமில்லாமல் போயிற்று. காகிதமும் பேனா முனையும்தான் அவருக்குச் சோறு போட்டன. 1984இல் பத்மஸ்ரீ பெற்று, 1985இல் இந்திய விழாவுக்காக அமெரிக்கா சென்றவர், அங்கே கண்ட ரோலர் கோஸ்டரையும் அதே மிதிலைக் கோட்டில் வரைந்தார். புற்றுநோய்க்காக டெல்லி மருத்துவமனையில் கிடந்த நாட்களையும் வரிசையாக ஓவியமாக்கினார், 1991இல் காலமானார். டெல்லியின் தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் அவர் தீட்டிய கோபர் அறைச் சுவரோவியம் 2015இல் புதுப்பிப்பு வேலையின்போது அழிந்துபோனது. தனக்கு வாய்க்காத தாம்பத்தியத்துக்கான மங்கல ஓவியத்தை அவ்வளவு அழகாகத் தீட்டிக் கொடுத்தவரின் சுவரைப் பாதுகாக்கக்கூட நமக்குத் தெரியவில்லை.

தாய்வழியாகக் கற்றவர்களுக்கு மட்டுமே இது உரியதென்று அங்கும் சிலர் நினைத்திருக்கலாம். மீனவ மல்லா சமூகத்தைச் சேர்ந்த துலாரி தேவி, ராந்தி கிராமத்தில் மஹாசுந்தரி தேவி, கர்பூரி தேவி என்ற ஓவியர்களின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 2021இல் அவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. 2025 பட்ஜெட் நாளில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் உடுத்தியிருந்த சேலையில் இருந்தது அவர் வரைந்த ஓவியம்தான்.

கேள்வி: ஒரு பொட்டிக் (நவநாகரிக ஆடை விற்கும்) கடை துணியும் டிசைனும் அனுப்பும், நான் கைத்தையல் போட்டுத் திருப்பி அனுப்புவேன். என் வேலை அங்கே என்ன விலைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. கடைகளுக்கு நேரில் போக வீட்டில் விடமாட்டார்கள். என்ன செய்யலாம்? — ஒரு சகோதரி, வாணியம்பாடி

பதில்: லக்னோவில் சிக்கன் என்னும் பூத்தையல் வேலை செய்யும் பெண்களின் நிலை நெடுங்காலம் உங்கள் நிலையாகவே இருந்தது. அச்சிட்ட துணியை முகவர் வீட்டு வாசலில் தருவார். தையல் வகைகளில் பக்கியா போடுபவள் ஒருத்தி, முர்ரி போடுபவள் வேறொருத்தி, ஜாலி எடுப்பவள் இன்னொருத்தி என்று துணி கைமாறிப் போவதால், முழு ஆடையின் விலையை எந்தப் பெண்ணும் அறிய வழியில்லை. 1984இல் ரூணா பானர்ஜியும் செஹ்பா ஹுசைனும் தொடங்கிய சேவா லக்னோ அமைப்பு முகவரை விலக்கிப் பெண்களுக்கு நேரடியாக வேலை கொடுத்தது. தைத்தவர்களே வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போய் விற்றார்கள், பர்தாவோடுதான்.

நீங்கள் கடையோடு உறவை உடனே முறித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு துணிக்கும் எத்தனை மணி நேரம் ஆகிறதென்று ஒரு நோட்டில் எழுதி, கூலியை மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த எண்ணே உங்களைப் பேசவைக்கும். அனுப்புமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். உங்கள் தெருவிலேயே இதே வேலை செய்யும் நாலு பேர் இருந்தால், கூலியைச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்பவரிடம், வேறு ஆள் இருக்கிறார்கள் என்று சொல்வது கடைக்காரருக்கு மிகவும் எளிது.

கேள்வி: என் கணவர் பட்டுத்தறி நெய்கிறார். தார் சுற்றுவதும் (ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுவது) பாவு புணைப்பதும் (பாவு நூல்களை இணைப்பது) என் வேலை. அவருக்கு முடியாத நாட்களில் தறியிலும் நான்தான் உட்காருவேன். நெசவாளர் சங்கத்துப் புத்தகத்தில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. எனக்கு ஒரு கணக்கும் இல்லையா? — ஒரு வாசகி, ஆரணி

பதில்: கணக்கில் நீங்கள் இருக்கிறீர்கள், கூலியில்தான் இல்லை. 2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும் அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்றும் காட்டுகிறது. நெய்பவர்களை மட்டுமன்றி, உங்களைப் போலத் துணைவேலை செய்பவர்களையும் அது தொழிலாளர்களாகவே எண்ணியது. ஆனால் சேலைக்கு இவ்வளவு என்று தறிக்காரர் பெயரில் கூலி போடும்போது தார் சுற்றியவரின் பங்கு அதற்குள்ளேயே கரைந்துவிடுகிறது.

கடனுதவித் திட்டங்களில் யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்யுங்கள். 2023இல் தொடங்கிய மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில், கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்த ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பதியலாம் என்று விதி இருக்கிறது. பதினெட்டுத் தொழில்களுக்கான அந்தத் திட்டத்தில் கைத்தறி இல்லை என்றாலும், இத்தகைய விதி உள்ள இடங்களில் வழக்கமாகக் கணவர் பெயரே முந்திக்கொள்கிறது. தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்தவர்களுக்கு, 25 வகைத் தொழில்களுக்கு, குலத்தொழில் என்ற நிபந்தனையின்றி, மூன்று லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் கால்பங்கு, அதிகபட்சம் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மானியமும் தருவதாக வகுக்கப்பட்டது. இப்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தறி ஒன்று போட இடமிருந்தால், அதை உங்கள் பெயரிலேயே போட்டு, சங்கத்தில் தனி உறுப்பினராகச் சேர முடியுமா என்று கேளுங்கள். போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்; படிவத்தை நீங்களே நிரப்புங்கள்; தொழில் என்று இருக்கும் இடத்தில் யாரும் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.