சாளையும் மரச்சீனியும் சத்து மாத்திரையும்: கர்ப்பகாலக் கேள்வி பதில்

கர்ப்பிணிகளின் சாப்பாடு பற்றி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் பொதுவாக உதவக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. சோறு, குழம்பு, மாத்திரை எடுக்கும் நேரம் இவற்றைப் பற்றி நான் பேசுகிறேன்.

தக்கலை: அக்கா, கல்யாணமாகி மூன்று மாசம் ஆகுது. குழந்தைக்கு முயற்சி பண்ணுறோம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்பவே தொடங்கணுமா, நாள் தள்ளிப் போன பிறகு போதுமா?

இப்பவே தொடங்குங்க. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப் போச்சு என்று பலருக்கு உறைக்கிற நேரத்தில் அந்த வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். தினமும் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்தின் முதல் 12 வாரம் வரை. முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை இருந்தாலோ, வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலோ இந்த அளவு போதாது. கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பாருங்க. கீரையிலும் பயறிலும் இந்தச் சத்து இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

குலசேகரம்: ரப்பர் பால் வெட்டுக்குப் போறேன், இப்போ அஞ்சாம் மாசம். ரெண்டு மாசமா இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.2-லேயே நிக்குது. விடியற்காலை ஒரு கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடிச்சிட்டுக் கிளம்புவேன், மாத்திரையையும் அப்பவே போட்டுடுவேன். இனி என்ன சாப்பிடணும்?

புதுசாக ஒன்றும் சாப்பிட வேண்டாம். முதலில் அந்தச் சாயாவையும் மாத்திரையையும் பிரியுங்க. தேயிலையில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அது குடலில் ஏறாது. சாயாவுக்கும் மாத்திரைக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் விடுங்க. வெட்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்துக்கொண்டு மாத்திரையைப் போடுங்க. வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், கொஞ்சம் குறைவாக ஏறும், பரவாயில்லை. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம்.

அடுத்தது, தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறீங்களா? ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அது இருக்கும்வரை எத்தனை மாத்திரை விழுங்கினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். நாலாம் மாதத்துக்கு மேல் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 400 மில்லிகிராம் ஒரு தடவை கொடுப்பது வழக்கம். உங்களுக்குத் தந்தார்களா என்று கிராம செவிலியரிடம் கேளுங்க. செருப்பு போடாமல் மரத்தடிக்குப் போகாதீங்க.

அரசு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ரத்தம் 11-க்குக் கீழே இருந்தால் தினம் இரண்டாகக் கொடுப்பார்கள். உங்களுக்கு ஒன்றா, இரண்டா என்று கேட்டுக்கொள்ளுங்க. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறணும். அப்பவும் ஏறாவிட்டால் தலசீமியா மாதிரி பரம்பரைக் காரணம் இருக்கா என்று பார்க்கணும், அல்லது இரும்பை டிரிப்பில் ஏற்றுவார்கள். அது இல்லாமல் நீங்களாகப் பீட்ரூட் ஜூஸ் குடித்துக் காலத்தைக் கழிக்காதீங்க. பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம், அதில் இரும்பு கொஞ்சம்தான்.

தூத்தூர்: நான் ஆழ்கடலுக்குப் போறவன். மனைவிக்கு மூணாம் மாசம். கரைக்கு வரும்போது சுறா, கேரை (சூரை), நெய்மீன் (வஞ்சிரம்) என்று நல்ல மீனா பார்த்துக் கொண்டுவாறேன். மீனெண்ணெய் மாத்திரையும் வாங்கிக் கொடுக்கலாமா?

தம்பி, நல்ல மனசு. ஆனால் நீங்க கொண்டுவருகிறதை விட வீட்டு வாசலுக்கு வருகிற சாளைதான் (மத்தி மீன்) அவங்களுக்கு நல்லது. கடலில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால் சுறாவும் மயில்மீனும் பிரசவம் முடியும்வரை வேண்டாம். பெரிய நெய்மீன், பெரிய கேரை இரண்டும் எப்போதாவது ஒரு துண்டு. சாளை, நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி) தாராளமாகச் சாப்பிடலாம். எல்லா மீனும் சேர்த்து வாரத்துக்கு 250 முதல் 350 கிராம் போதும். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான ஒமேகா-3 கொழுப்பு சாளையில் நிறைய இருக்கிறது. மண்சட்டியில் புளி விட்டு நன்றாக வற்றவைத்த சாளையில் முள் மெத்தென்று ஆகிவிடும், அதையும் சேர்த்து மென்றால் கால்சியமும் கிடைக்கும்.

மீனெண்ணெய் மாத்திரை விஷயத்தில் கவனம். மீன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம். முதல் மாதங்களில் அது மிஞ்சினால் குழந்தைக்கு உறுப்புக் குறை வரலாம். டாக்டர் எழுதித் தராமல் வாங்காதீங்க. ஆட்டு ஈரலையும் அடிக்கடி சமைக்க வேண்டாம்.

மார்த்தாண்டம்: மக்களே, மருமவளுக்கு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கொடுக்கக் கூடாதுன்னு ஆரோ சொல்லியாச்சு. நாங்கெல்லாம் அதைத் தின்னுதானே பிள்ளை பெத்தோம்?

கொடுக்கலாம் அம்மா, தினமும் மூணு வேளையும்தான் வேண்டாம். மரச்சீனியில் மாவுச்சத்து தவிர வேறொன்றும் பெரிசாக இல்லை, புரதம் மிகக் குறைவு. கூடவே சாளைக் கறியோ, பயறோ, முட்டையோ இருக்கணும். நீங்க அந்தக் காலத்தில் தின்றதும் மீன் கறியோடுதானே! தோல் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்க. கிழங்கில் இருக்கும் நச்சுப்பொருள் பெரும்பாலும் அதோடு போய்விடும். கசக்கிற கிழங்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது. மரச்சீனி அதிகம் தின்றால் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேர்வது தடைப்படும். கர்ப்பிணிக்குத் தினம் 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. உப்பளத்திலிருந்து வருகிற கல்லுப்பைத்தான் வீட்டில் போடுகிறீங்க என்றால், கடலுப்பாச்சே என்று நினைக்காதீங்க, அதில் அயோடின் அநேகமாக இருக்காது. அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிற உப்பை வாங்கி, மூடி வைத்து, கறி இறக்குகிற நேரத்தில் போடுங்க.

பூதப்பாண்டி: நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. என்ன குறையும்?

வைட்டமின் பி12 குறையும். அது செடிகொடியில் கிடைக்காது. பால், தயிர், மோர் தினமும் இருக்கட்டும். ரத்தத்தில் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் மாத்திரை போட்டுக்கொள்ளுங்க. புரதத்துக்கு நம்மூர்ச் சாப்பாடே போதும்: புட்டும் சிறுபயறும், உளுந்தங்கஞ்சி, சுண்டல். நாலாம் மாதத்திலிருந்து வழக்கத்தை விடத் தினம் 10 கிராம் போலவும், கடைசி மூன்று மாதம் 22 கிராமும் கூடுதல் புரதம் வேண்டும். ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமார் 8 கிராம், ஒரு கைப்பிடிப் பயறில் 7 கிராம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்க.

கருங்கல்: தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம் மூன்றும் இருக்கு. எல்லாத்தையும் காலையில் ஒண்ணா போட்டுடலாமா?

கூடவே கூடாது. ஒன்றை ஒன்று தடுக்கும். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, முக்கால் மணி நேரம் கழித்துச் சாயா. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம். 4 மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு, அந்த நேரத்துச் சாயாவைத் தியாகம் பண்ணணும். இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். தைராய்டு மாத்திரைக்கும் மற்ற இரண்டுக்கும் 4 மணி நேரம், இரும்புக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேரம் இடைவெளி இருந்தால் சரி.

நாகர்கோவில்: கர்ப்பிணிகளுக்கென்று டப்பாவில் விற்கும் பவுடர் அவசியமா?

இல்லை. வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்க. அங்கன்வாடியில் சத்துமாவு இலவசமாகவே கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு, 12 வாரத்துக்குள் கிராம செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்க.

இரணியல்: ஏழாம் மாசம், சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) விடணுமா?

முழுசாக விட வேண்டாம். பாதிப் பழம், அதுவும் கொண்டைக்கடலையோ நிலக்கடலையோ கூட. சம்பா அரிசிச் சோறும் சோறுதான், சிவப்பாக இருக்கிறது என்று கூட அள்ளாதீங்க. தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

சாமிதோப்பு: பப்பாளி, குங்குமப்பூ?

பழுத்த பப்பாளி தின்னலாம், பால் வடிகிற காயைத் தொடாதீங்க. குங்குமப்பூவால் பிள்ளையின் நிறம் மாறாது, அது அப்பா அம்மாவிடமிருந்து வருவது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்க.