ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் வேலை எனக்குப் பொருந்துமா?

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்திருப்பதாகவும், வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு சரளமானது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மாணவர் தவறாகப் பேசும்போது உடனே திருத்தத் தோன்றுகிறதா, அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று அறியத் தோன்றுகிறதா என்று உங்களையே கவனித்துப் பாருங்கள்.

சிங்கப்பூர் வேலைக்குப் போக இருக்கும் இளைஞர்களும், கானாடுகாத்தான் பக்கம் விடுதிகளாக மாறிய பழைய வீடுகளில் பணிபுரிபவர்களும் என் வகுப்புக்கு வருகிறார்கள். 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். 'மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியவர்கள் அதே காலத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோவது இயல்புதானே? 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பதே சரி, ஆனால் அதன் இலக்கணப் பெயரையும் விதியையும் ஒப்பித்துப் பயனில்லை. பலகையில் ஒரு கோடு கிழித்து, வேலையில் சேர்ந்த ஆண்டை ஒரு முனையிலும் இன்றைய தேதியை மறுமுனையிலும் எழுதிக் காட்டி, அவரவர் வேலையைப் பற்றி அவரவரையே நாலைந்து வாக்கியம் பேசவைக்க வேண்டும். அடுத்த வாரம் அதே தவறு மறுபடி வரும், நீங்களும் முகம் சுளிக்காமல் மறுபடி கோடு கிழிக்க வேண்டும். இந்தத் திரும்பச் செய்தல் உங்களுக்குச் சலிப்பைத் தராமல், இம்முறை வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்போம் என்ற எண்ணத்தைத் தருமானால் வேலை உங்களுக்கு ஒத்துவரும். இலக்கியம் படித்தவர்களுக்கு விரிவுரை ஆற்றும் பழக்கம் இருக்கும். இங்கோ ஆசிரியர் குறைவாகவும் மாணவர் அதிகமாகவும் பேசுவதே நல்ல வகுப்பு. இதை ஏற்க மனம் வராதவர்களுக்குக் கல்லூரிப் பணிதான் பொருத்தம் என்பது என் கருத்து.

வெளிநாட்டில் இன்னொரு சிரமமும் உண்டு: இங்கே தடுமாறினால் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிச் சமாளிக்கிறோம், அங்கே அந்தக் கைத்தடி இருக்காது. அதைச் சோதித்துப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கட்டட வேலைகளிலும் உணவகங்களிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஆங்கிலம் கற்க விரும்பும் ஓரிருவருக்குச் சில வாரம், இந்தியோ தமிழோ கலக்காமல், படம், சைகை, எளிய ஆங்கிலம் ஆகியவற்றை மட்டும் கொண்டு கற்பித்துப் பாருங்கள். அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பது எந்த இணையத் தேர்வையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

அதன்பிறகே சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள். கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழ் ஏறத்தாழ 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம், பயிற்றுநர் பார்த்து மதிப்பிட, உண்மையான மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல 120 மணி நேரப் படிப்புகளில் இந்த நேரடி வகுப்பு கிடையாது. அவை விண்ணப்பத்துக்கு உதவலாம், உங்களுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை தரமாட்டா.

நாட்டைத் தேர்வு செய்யுமுன் விசா விதியையும் படியுங்கள். எடுத்துக்காட்டாக, தென் கொரியாவின் மொழிப் பயிற்றுநர் விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலான 7 நாடுகளின் குடிமக்களுக்கே தரப்படுகிறது. திறமை இருந்தும் கடவுச்சீட்டினால் கதவு மூடப்படுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த நிலைமையைக் கணக்கில் எடுத்துத்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது. வேலை கிடைத்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, பாடம் தயாரிக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, எந்த வகை விசா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.