கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: மீட்டரைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, இரு வேளை இன்சுலின். சென்சார் ஒட்டிய மூன்றாம் நாள், இரவு 2 மணிக்கு 58 என்று அலாரம் அடித்தது. விரலில் குத்திப் பார்த்தால் 104. சென்சார் பழுதா? மாற்றித் தருவார்களா?

பதில்: அம்மா எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்று முதலில் கேளுங்கள். சென்சாரின் மெல்லிய இழை சுமார் 5 மி.மீ. ஆழம்தான் இறங்குகிறது, ரத்தக் குழாய்க்குள் போவதில்லை. செல்களுக்கு இடையே உள்ள நீரில்தான் சர்க்கரையை அளக்கிறது. அந்தக் கையின் மேல் படுத்தால் அழுத்தத்தில் எண் பொய்யாகச் சரியும். புரண்டு படுத்ததும் தானே ஏறும். வரைபடத்தில் கோடு திடீரென விழுந்து, சாப்பிடாமலே எழுந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அடுத்த சென்சாரை அவர் சாய்ந்து படுக்காத கையில் ஒட்டுங்கள்.

அதற்காக, இன்சுலின் போடுபவருக்கு இரவு அலாரத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் குத்திப் பாருங்கள். உண்மையிலேயே 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் சர்க்கரை (மூன்று தேக்கரண்டி) நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். சென்சார் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகும் சென்சாரில் குறைவாகவே இருப்பதைப் பார்த்து, பயத்தில் மேலும் மேலும் இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே மீட்டரும் ஸ்ட்ரிப்பும் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

மீட்டரோடு ஒப்பிட வேண்டுமானால் சாப்பாட்டுக்கு முன், சென்சார் எண்ணின் பக்கத்தில் வரும் அம்புக்குறி கிடையாக (சர்க்கரை ஏறாமல் இறங்காமல்) இருக்கும்போது ஒப்பிடுங்கள். ஒட்டிய முதல் நாள் கணக்கில் வேண்டாம். 100-க்கு 112 என்பது பழுதல்ல. சென்சாரில் எப்போதும் அதிகமாகவே காட்டினால் வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். லிப்ரே என்ற பிராண்டு சென்சார் வகைகள் சிலவற்றில் நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் எண் கூடுதலாகக் காட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சப்பும் மாத்திரை ஒன்றிலேயே 500 மி.கி. உண்டு. இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போடும் ஆபத்து இது.

சாய்ந்து படுக்காதபோதும் பெரிய வித்தியாசம் தொடர்ந்தால் கழற்றிய சென்சாரையும் பெட்டியையும் எறியாதீர்கள். வரிசை எண், தேதி, இரண்டு கருவியின் எண்களும் தெரியும் படம் ஆகியவற்றோடு தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையைக் கேளுங்கள். மருந்துக்கடைக்காரரால் செய்யக்கூடியது குறைவு.

கேள்வி: 14 நாள் தாங்க வேண்டிய சென்சார் ஐந்தாம் நாளே உரிந்து விழுகிறது.

பதில்: எண்ணெய்தான் முதல் எதிரி. எண்ணெய்க் குளியல் அன்று ஒட்ட வேண்டாம். மேற்கையின் பின்புறத்தைச் சாதாரண சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுதாய் உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். இன்சுலின் ஊசி போடும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளியே இருக்கட்டும். பெண்களுக்கு இறுக்கமான ரவிக்கைக் கையும் ஒரு காரணம். கழற்றும்போது அதுவே சென்சாரைப் பெயர்த்துவிடும். அந்த இரண்டு வாரம் தளர்ந்த கை வைத்த ரவிக்கை போதும். தோல் சிவந்து கொப்பளித்தால் பசை ஒவ்வாமை. அதன்மேல் டேப் போட்டு இழுத்துப் பிடிக்காமல் கழற்றி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து தம்பி வாங்கி வரட்டுமா? இணையத்தில் 'புரோ' என்று விலை குறைவாகவும் இருக்கிறதே.

பதில்: இரண்டிலும் ஏமாற இடமுண்டு. ஒரு நாட்டுச் சென்சாரை வேறு நாட்டு ஆப் ஏற்காமல் போகலாம். சிங்கப்பூர், பிரிட்டன் கருவிகள் வேறு அலகில் காட்டும்: அங்கே 7 என்றால் இங்கே 126. லிப்ரே 'புரோ' மருத்துவமனைக்கானது. எண்ணைப் படிக்க அதற்கென்று தனிக் கருவி (ரீடர்) வேண்டும், உங்கள் போனில் எண் வராது. எதை வாங்கினாலும் உங்கள் போன் மாடல் ஆப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். காலாவதித் தேதியும் பெட்டியில் அச்சிட்ட வெப்ப வரம்பும் முக்கியம். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்த சரக்கை வாங்குவதைவிட, குளிர்பதன வசதியுள்ள மருந்துக்கடையில் வாங்குவது நல்லது.

கேள்வி: ஊசியே இல்லாமல் சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம்?

பதில்: வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சென்சாரிலிருந்து வரும் எண்ணைத் திரையில் காட்டும் கடிகாரம் வேறு. அதில் அளப்பது கையில் ஒட்டிய சென்சார்தான்.