செய்கூலியும் சேதாரமும்: வண்ணக் கண்ணாடிக்கு விலை வைப்பது எப்படி?

கைத்தொழில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில், தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள நம் ஊர்களிலிருந்து வந்த நான்கு, வண்ணக் கண்ணாடி வேலைக்கு விலை வைப்பது பற்றியே கேட்டிருந்தன. எனவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (வாசகி, சாட்ஸ்வர்த்): வணக்கம் அக்கா. மூன்று வருடமாக வீட்டுப் பின்னறையில் செம்புப் பட்டை ஒட்டிப் பற்றவைக்கும் முறையில் ஜன்னலில் தொங்கவிடும் கண்ணாடிப் படங்கள் செய்து வருகிறேன். சென்ற மாதம் 48 துண்டுகள் கொண்ட மயில் படம் ஒன்றைச் சந்தையில் 650 ரேண்டுக்கு விற்றேன். கண்ணாடிக்கு 270, செம்புப் பட்டைக்கு 50, பற்றவைக்க உருக்கும் உலோகமான பற்றாசுக்கு 90, ஆக 410 ரேண்ட் செலவு. மீதி 240 ரேண்ட் லாபம் என்று மகிழ்ந்திருந்தேன். பக்கத்தில் கடை போட்டிருந்த அம்மா, "இந்த விலைக்குக் கொடுத்தால் உனக்கு எப்படியம்மா கட்டுப்படியாகும்?" என்று கேட்டார். சரியான விலைதான் என்ன?

பதில்: அன்புத் தங்கைக்கு, அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நகை வாங்கும்போது, பில்லில் தங்கத்தின் விலைக்குக் கீழே செய்கூலி என்றும் சேதாரம் என்றும் தனித்தனியாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாமும் முணுமுணுத்துக்கொண்டாவது அதைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். உங்கள் கணக்கில் இந்த இரண்டுமே இல்லை. மயில் படத்தில் கடைசியாக நின்ற கண்ணாடிக்கு மட்டும் விலை போட்டிருக்கிறீர்கள்.

முதலில் சேதாரத்தைப் பார்ப்போம். மயிலின் கழுத்தில் உள்வளைவாக வரும் நீலத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கோடு போட்டபின் கண்ணாடி எப்போதும் நேராக ஓடவே பார்க்கும். உள்வளைவில் பொறுமையாகச் சிறுசிறு பிறைகளாகக் கிள்ளி எடுக்காவிட்டால் குறுக்கே பிளந்துவிடும். ஒரு கழுத்துக்கு இரண்டு மூன்று துண்டுகள் உடைவது வழக்கம்தான். அதோடு, கண்ணாடித் தாளின் கோடும் ஓட்டமும் இறகின் போக்கில் அமைய வேண்டும் என்று திருப்பித் திருப்பி வைத்து வெட்டும்போது ஓரங்களில் கழிவு விழும். எளிய வடிவத்துக்குக் கால் பங்கும், வளைவு மிகுந்ததற்கு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கண்ணாடி விலையுடன் சேர்ப்பது என் வழக்கம். உங்கள் 270 ரேண்டுடன் 90 சேர்த்தால், பொருட்செலவு 410 என்பது 500 ஆகிறது. பற்றாசு ஒட்ட உதவும் ஃபிளக்ஸ், பற்றவைத்த கோடுகளுக்குக் கறுப்பேற்றும் திரவம், மெருகு மெழுகு, தேய்ந்துபோகும் கிரைண்டர் கல், மின்சாரம், சந்தையில் மேசைக்குக் கொடுக்கும் வாடகை ஆகியவற்றில் இந்தப் படத்தின் பங்காக இன்னும் 60 ரேண்டாவது வரும். ஆக 560.

இனி செய்கூலி. 48 துண்டுப் படத்துக்கு என் மேசையில் ஆகும் நேரத்தைச் சொல்கிறேன். வடிவம் வரைந்து எண் போட்டுக் காகிதம் வெட்ட ஒன்றரை மணி, கண்ணாடி வெட்ட மூன்று, ஓரம் தேய்க்க இரண்டரை, பட்டை சுற்ற இரண்டு, இரு பக்கமும் பற்றவைக்க இரண்டரை, கழுவிக் கறுப்பேற்றி மெருகிட்டுக் கொக்கி வைக்க ஒன்று, படமெடுத்துப் பொதிய அரை மணி. மொத்தம் 13 மணி நேரம். நீங்கள் லாபம் என்று எண்ணிய 240 ரேண்டை 13ஆல் வகுத்தால், உங்கள் கணக்குப்படியே மணிக்கு 18 ரேண்ட் 46 சென்ட்தான் வருகிறது. நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2019 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோதே அது மணிக்கு 20 ரேண்டாக இருந்தது. 2025 மார்ச் 1ஆம் தேதி அது 28 ரேண்ட் 79 சென்ட் ஆனது. யாரிடமாவது கூலிக்கு நின்றிருந்தால் உங்களுக்குச் சட்டப்படி வந்திருக்க வேண்டிய தொகைகூட, சொந்த மேசையில் உங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் என் தொடக்க வருடங்களும் இப்படித்தான் கழிந்தன.

மூன்று வருடம் பழகிய கைக்கு மணிக்கு 80 ரேண்ட் என்று வைப்போம், அது அதிகமில்லை. 13 மணிக்கு 1,040. பொருளும் பிற செலவும் 560. ஆக அடக்க விலை 1,600 ரேண்ட். அதன்மேல் 15 விழுக்காடு, அதாவது 240 ரேண்ட், தொழிலுக்கான லாபமாகச் சேர்த்தால் 1,840. விலைச்சீட்டில் 1,850 என்று எழுதலாம். லாபம் வேறு, கூலி வேறு. கூலி உங்கள் உழைப்புக்கானது. லாபமோ அடுத்த தாள் வாங்கவும், பற்றவைக்கும் கோல் பழுதானால் மாற்றவும் ஒதுக்கி வைக்க வேண்டியது.

விலை மூன்று மடங்காகிறதே, யார் வாங்குவார் என்று தோன்றும். விலையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், கூலியில் கை வைக்காதீர்கள். வடிவத்தில் கை வையுங்கள். தோகையின் சிறு கண்களை ஒன்றிணைத்து 48 துண்டை 26 ஆக்கினால் வெட்டுவதும் தேய்ப்பதும் பட்டை சுற்றுவதும் பற்றவைப்பதும் சேர்ந்தே குறையும். பெரிய மயிலை முழு விலைக்கு மேசையின் நடுவே நிறுத்தி, அதே நிறங்களில் ஆறு துண்டு இறகுகளைச் சிறு விலைக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இறகை வாங்க வருபவர் மயிலையும் பார்ப்பார்.

கேள்வி (வாசகர், வெருலம்): பூஜை அறை ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி கேட்பவர்கள் எல்லோரும் "சதுர அடிக்கு என்ன விலை?" என்றே கேட்கிறார்கள். ஒரே விலை சொல்லி வந்தேன். ஒரு வேலையில் கொஞ்சம் மிஞ்சியது, அடுத்ததில் கையைச் சுட்டுக்கொண்டேன். எப்படிச் சொல்வது?

பதில்: தரைக்கு ஓடு பதிப்பவர் சதுர அடிக் கணக்கில் விலை சொல்லலாம், நமக்கு அது ஒத்துவராது. ஒரு காகிதம் எடுத்து, பக்கம் 30 சென்டிமீட்டர் உள்ள சதுரம் ஒன்றை வரைந்து பாருங்கள். அது ஏறக்குறைய ஒரு சதுர அடி. ஒரே துண்டாக இருந்தால் அதன் ஓரத்தைச் சுற்ற 120 சென்டிமீட்டர் செம்புப் பட்டை போதும். அதையே 10 சென்டிமீட்டர்ச் சதுரங்களாக ஒன்பதாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 40, மொத்தம் 360 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர்ச் சதுரங்களாக 36 துண்டாக்கினால் 720. உள்ளே பற்றவைக்க வேண்டிய கோடும் அப்படியே: ஒன்பது துண்டில் இருபுறமும் சேர்த்து 240 சென்டிமீட்டர், 36 துண்டில் 600. பரப்பு ஒன்றுதான்; வேலையோ வேறு.

ஈயச் சட்டத்தில் கோக்கும் பெரிய ஜன்னல்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு சந்திப்பையும் இரு பக்கமும் பற்றவைத்து, சட்டத்தின் உதட்டுக்குள், கண்ணாடி அசையாமல் பிடிக்கும் பசைபோன்ற சிமென்ட் தள்ளித் தூரிகையால் தேய்த்தெடுக்கும் நேரம், துண்டுகளின் எண்ணிக்கையோடுதான் கூடும். ஆகவே வரைபடம் கையில் வரும் முன் விலை சொல்லாதீர்கள். வந்ததும் துண்டுகளை எண்ணி, "உங்கள் ஜன்னலில் 85 துண்டு இருக்கிறது, ஒரு துண்டுக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு" என்று காட்டுங்கள். துண்டுக்கான தொகையை எவரிடமும் கேட்க வேண்டாம்; உங்கள் பழைய வேலைகள் ஐந்தாறில் ஆன மணிகளைத் துண்டுகளால் வகுத்தால் அது தானாகக் கிடைக்கும். ஜன்னலில் பொருத்தும் கூலியைத் தனி வரியாக எழுதுங்கள்.

நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பும் மாணிக்கச் சிவப்பும் சிலவகைத் தாள்களில் உண்மையான தங்கம் சேர்த்தே வருவிக்கப்படுகின்றன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பலவற்றில் காட்மியமும் செலினியமும் இருக்கின்றன. தாமரை கேட்பவருக்கும் வெறும் பச்சைக் கொடி கேட்பவருக்கும் ஒரே விலை சொன்னால் தாமரையில் நட்டம் வரும்.

எழுத்தில் கொடுக்கும் மதிப்பீட்டில் "30 நாள் வரை செல்லும்" என்ற வரி இருக்கட்டும். நல்ல தாள்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து டாலர் விலைக்கு வருகிறது. ரேண்ட் சரிந்தால் அடுத்த பெட்டி விலை கூடியே வரும். கையிருப்பில் உள்ள தாளுக்கும் வாங்கிய விலையைப் போடாமல், இன்று வாங்கினால் என்ன விலையோ அதைப் போடுங்கள். 2016இல் ஸ்பெக்ட்ரம் என்ற அமெரிக்க ஆலை மூடப்போவதாக அறிவித்தபோது, அதன் தாள்களையே நம்பிக் கைவேலை செய்துவந்தவர்கள் திண்டாடினார்கள். அதன் தயாரிப்பு வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. பழைய விலைக்குச் செய்து கொடுத்துவிட்டால், தீர்ந்த தாளைத் திரும்ப வாங்கப் பணம் இருக்காது. பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே கண்ணாடியில் கை வையுங்கள், ஏனென்றால் ஒருவர் ஜன்னல் அளவுக்கு வெட்டியது இன்னொருவர் ஜன்னலுக்கு உதவாது.

கேள்வி (வாசகி, ஃபீனிக்ஸ்): நகரத்துப் பரிசுப்பொருள் கடை ஒன்று என் வேலையை விற்றுத் தருவதாகச் சொல்கிறது. 40 விழுக்காடு கமிஷன் கேட்கிறார்கள். என் விலைமேல் 40 விழுக்காடு சேர்த்துச் சொன்னால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: ஆகாது, அம்மா. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். முதல் பதிலில் சொன்ன மயிலையே எடுத்துக்கொள்வோம். 1,850 மேல் 40 விழுக்காடு சேர்த்தால் 2,590. கடை தன் பங்கை 2,590இல்தான் எடுக்கும், அது 1,036. உங்கள் கைக்கு வருவது 1,554, அடக்க விலையான 1,600க்கும் கீழே. கடை 40 விழுக்காடு எடுத்தபின் உங்களுக்கு மிஞ்சுவது 60 விழுக்காடு என்பதால், வர வேண்டியதை 0.6ஆல் வகுக்க வேண்டும்: 1,850ஐ வகுத்தால் சுமார் 3,083 ரேண்ட். அந்த விலை அந்தக் கடையில் போகாது என்று தெரிந்தால் அந்தப் படத்தை அங்கே கொடுக்க வேண்டாம்; துண்டு குறைந்த வேறொன்றைக் கொடுங்கள். கடையில் வைத்த அதே படத்தை வீட்டிலிருந்து குறைத்து விற்கவும் வேண்டாம். கடைக்காரருக்கு அது தெரியவரும். தெரிந்தால் உறவு முறியும்.

ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள்: எத்தனை பொருள், என்ன விலை, விற்றபின் எத்தனை நாளில் பணம், கடையில் உடைந்தால் யார் பொறுப்பு. பல வருடம் முன்பு ஒரு கடைக்கு வாய்ப்பேச்சை நம்பி ஏழு படங்கள் கொடுத்தேன். நான்கு விற்றன, பணத்துக்கு ஐந்து மாதம் நடந்தேன். ஒன்று மூலையில் விரிந்து திரும்பி வந்தது, யாரால் என்று கேட்க என்னிடம் ஒரு தாள் இல்லை.

கேள்வி (வாசகர், டோங்காட்): எங்கள் ஊர்க் கோயில் கமிட்டி, காவடித் திருவிழாவுக்கு முன்பு வேலும் மயிலுமாக ஒரு கண்ணாடிப் படம் வாசலுக்கு மேல் வைக்கக் கேட்கிறது. "சாமி காரியம், பார்த்துப் போடுங்கள்" என்கிறார்கள். எனக்கும் கொடுக்க மனமுண்டு. ஆனால் அதன்பின் எல்லோரும் அந்த விலையையே கேட்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

பதில்: கொடுங்கள் ஐயா, மனம் நிறையக் கொடுங்கள். ஆனால் பில்லில் முழு விலையை எழுதுங்கள். அதற்குக் கீழே "முருகனுக்குக் காணிக்கை" என்று நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகையையும், அதற்கும் கீழே கமிட்டி தர வேண்டிய மீதியையும் எழுதுங்கள். குறைந்தது கண்ணாடியும் ஈயமும் உங்கள் கையிலிருந்து போகாதபடி அந்த மீதி இருக்கட்டும். அப்போது வேலையின் விலை என்ன, உங்கள் காணிக்கை என்ன என்று இரண்டும் தெளிவாக நிற்கும். வாசலில் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கேட்டு வருபவரிடம் பில்லின் முதல் வரியைக் காட்டலாம்.

இன்னொன்று: திருவிழாத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினால் இரவு வேலைக்கான கூலியையும் அந்த முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள். வாசலுக்கு மேல் தொங்கும் கனமான படத்துக்குப் பின்புறம் இரும்புக் கம்பி வைத்துக் கட்டியே தீர வேண்டும்; அந்தச் செலவைக் காணிக்கையில் கழிக்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளில் குறையிருந்தால் வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து, பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். வழக்கமாக விற்று வருபவர்கள் அந்த ஆறு மாதப் பொறுப்புக்கென்று ஒவ்வொரு பெரிய வேலையிலும் ஒரு மணி நேரக் கூலியைக் கூடுதலாகப் போட்டுவைப்பது நல்லது. நான் இரண்டு மணி நேரம் போடுகிறேன்.