ஒரு பஸ், ஓர் இடம்: சக்கர நாற்காலியும் ஸ்டிரோலரும் (கேள்வி பதில்)

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பஸ், ரயிலில் சக்கர நாற்காலியோடு போகிறவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

செந்தூல், இரண்டு பிள்ளைகளின் தாய்: அண்ணா, பஸ்ஸில் சக்கர நாற்காலி படம் போட்ட இடத்தில் ஸ்டிரோலரை நிறுத்தியிருந்தேன். பிள்ளை அப்போதுதான் தூங்கியது. சக்கர நாற்காலியில் ஒருவர் ஏற வந்தார். முதலில் ஏறியது நான்தானே, நகர்ந்துதான் ஆகணுமா?

நகரத்தான் வேணும்மா. முதலில் வந்தவருக்கு இடம் என்பது இருக்கைகளுக்குச் சரி, இந்த இடத்துக்குப் பொருந்தாது. ஸ்டிரோலர் மடங்கும், பிள்ளை மடியில் உட்காரும். சக்கர நாற்காலிக்கோ பஸ்ஸுக்குள் வேறு போக்கிடமே கிடையாது. யாரும் இல்லாதபோது நீங்கள் அங்கே நிறுத்துவதில் எந்தத் தப்பும் இல்லை. யாராவது வந்தால் எழுந்து கொடுத்தால் போதும், பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியதில்லை.

மடிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கைப்பிடியில் தொங்கும் பையைக் கழற்றுங்கள். பிள்ளையை முதலில் தூக்கினால் பையின் பாரத்தில் வண்டி பின்பக்கம் கவிழும். பெரும்பாலும் நடப்பது அதுதான். பிறகு பஸ் நிற்கும்போதே பிள்ளையைத் தூக்கி, பக்கத்து இருக்கையில் ஒருவரிடம் கொடுங்கள் அல்லது துணியால் மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். கடைசியாக வண்டியை மடித்து, சக்கரப் பூட்டைப் போட்டு, இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்துங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு கையில் பிள்ளை, மறு கையால் மடிப்பு என்று செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். 6, 7 கிலோவுக்கு மேல் போனால் நம்ம ஊர் பஸ்ஸுக்குச் சிரமம். இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அகல வண்டி, இடைவழியில் நுழையவே நுழையாது.

பூச்சோங், அப்பாவைத் தள்ளிக்கொண்டு போகும் மகன்: பஸ் கதவில் போடும் சாய்தகடான ரேம்ப்பில் ஏற்றும்போது சில இடத்தில் சுலபமாக ஏறுகிறது, சில இடத்தில் இரண்டு பேர் தள்ளினாலும் முடிவதில்லை. அதே மாதிரி பஸ்தான். ஏன்?

கோளாறு பஸ்ஸில் இல்லை தம்பி, நீங்கள் நிற்கும் தரையில். தாழ்தளப் பஸ்ஸின் தளம் சாலையிலிருந்து ஏறத்தாழ 34 செ.மீ. உயரம் என்று வையுங்கள். ஓட்டுநர் காற்றை இறக்கிக் கதவுப் பக்கம் சாய்த்தால் 7 செ.மீ. போல் குறையும். நீங்கள் 15 செ.மீ. உயர நடைபாதை மேல் இருந்தால் மிச்சம் 12 செ.மீ.தான். ரேம்ப் 90 செ.மீ. நீளம் என்றால் ஒருவரே தள்ளி ஏற்றலாம். அதே பஸ் நடுரோட்டில் நின்று நீங்களும் தார் ரோட்டில் நின்றால் 27 செ.மீ. ஏற வேண்டும், அதாவது மூன்றடி நீளத்துக்கு ஏறத்தாழ ஓரடி ஏற்றம். அந்தச் சரிவில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும் ஆபத்து உண்டு. நிறுத்தத்தில் கார் போட்டு மறைப்பவர்களால் யாருக்குக் கஷ்டம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

ஆகவே நடைபாதை ஓரத்தில், ஓட்டுநர் தூரத்திலேயே பார்க்கும்படி நின்று, முன்கூட்டியே கையைக் காட்டுங்கள். பஸ் நின்றதும் முன்கதவுக்குப் போய் "பாங், தோலோங் புக்கா ரேம்ப்" (அண்ணா, ரேம்ப்பைத் திறந்து உதவுங்கள்) என்று மலாயில் கேளுங்கள். ரேம்ப் நடுக்கதவில் தரையோடு மடிந்து கிடக்கும் தகடு. வளையத்தைப் பிடித்து வெளியே புரட்டிப் போடுவார்கள். இறங்குபவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகே புரட்டச் சொல்லுங்கள். ஏறும்போது முகம் பஸ்ஸைப் பார்த்து. இறங்கும்போது அப்பாவின் முதுகு வெளியே இருக்க, நீங்கள் கீழே நின்று தாங்கிக்கொண்டு, பின்பக்கமாக.

உள்ளே போனதும் நாற்காலியைத் திருப்பி, அப்பாவின் முதுகு, சக்கர நாற்காலி இடத்தில் இருக்கும் மெத்தைப் பலகையில் ஒட்டும்படி வையுங்கள். அதாவது அவர் பஸ்ஸின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். பஸ் திடீரென்று பிரேக் போட்டால் எல்லாம் முன்னால் தள்ளப்படும். பலகை அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். கட்டுப் பட்டை இல்லாமல் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் நாற்காலியே கிளம்பிவிடும். இரண்டு பக்கப் பூட்டும் போட வேண்டும். பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவில் பையை மாட்டாதீர்கள்.

கிள்ளான்: மோட்டார் நாற்காலிக்கும் இதேதானா?

இதேதான். கூடவே, நிறுத்தியதும் சுவிட்சை அணையுங்கள். யாராவது இடித்து ஜாய்ஸ்டிக் நகர்ந்தால் நாற்காலி ஓடும். மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் நெம்புகோலைத் தொட வேண்டாம், பிரேக் போய்விடும்.

கெப்போங், சிறப்புக் குழந்தையின் தாய்: என் மகளுக்கு ஆறு வயது, பெருமூளை வாதம். அவளுடைய வண்டி பார்ப்பதற்கு ஸ்டிரோலர் மாதிரியே இருக்கும். "பெரிய பிள்ளையை ஏன் தள்ளிக்கிட்டு வர்றீங்க, மடிங்க" என்கிறார்கள்.

மடிக்காதீர்கள். தலையையும் இடுப்பையும் தாங்கும் அந்த வண்டி உங்கள் மகளுக்குச் சக்கர நாற்காலிதான், மடியில் வைத்துக்கொள்வது அவளுக்குப் பாதுகாப்பும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியின் பின்பக்கம் ஓர் அட்டையில் சக்கர நாற்காலிச் சின்னத்தை ஒட்டி, மலாயில் "இனி கெருசி ரோடா" (இது சக்கர நாற்காலி) என்று பெரிதாக எழுதிவிடுங்கள். உடற்குறையுடையோருக்குச் சமூக நலத்துறை தரும் ஓகேயு அட்டை வாங்கியிருந்தால் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பாதி வாக்குவாதம் ஏறுவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்: பெற்றோர் மறுத்தால் ஓட்டுநர் என்ன செய்ய முடியும்? சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம், அதாவது சட்டம் 685, பிரிவு 27-இல் பொதுப் போக்குவரத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் மீறினால் தண்டனை என்ற பகுதி அதில் இல்லை. பல் இல்லாத சட்டம் என்று பலரும் சொல்வது அதனால்தான்.

இங்கிலாந்தில் இதே தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012-இல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் செல்லும் பஸ்ஸில் டக் பாலி என்ற சக்கர நாற்காலிப் பயணி ஏற வந்தார். அந்த இடத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு தாய். வண்டி மடங்காது என்று நகர மறுத்தார். பாலியால் அந்தப் பஸ்ஸில் போக முடியவில்லை. 2017 ஜனவரியில் வந்த தீர்ப்பின் சாரம்: ஒரு தடவை கேட்டுவிட்டு ஓட்டுநர் கைகழுவக் கூடாது. மறுப்பு நியாயமில்லை என்று பட்டால் மறுபடி வற்புறுத்த வேண்டும், தேவைப்பட்டால் சில நிமிடம் பஸ்ஸை எடுக்காமலே நிற்கலாம். மறுப்பவரை இறக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நமக்கு அது கட்டுப்பாடு இல்லை என்றாலும் இங்கேயும் நடைமுறைக்கு ஏற்ற அளவுகோல் அதுதான் என்பது என் கருத்து. பயணிகள் தங்களுக்குள் சண்டை போடக் கூடாது. கேட்க வேண்டியவர் ஓட்டுநர்.

அவரும் கேட்காமல் போய்விட்டால் புகார் கொடுங்கள். பஸ் பதிவு எண், தட எண், நிறுத்தத்தின் பெயர், நேரம் நான்கும் வேண்டும். "மரியாதை இல்லாமல் நடந்தார்" என்று எழுதினால் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்துவிடும். "இடத்தில் ஸ்டிரோலர் இருந்தது, ஓட்டுநர் நகரச் சொல்லவில்லை, ரேம்ப் போடவில்லை" என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் அதே கடிதத்தைத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆப்பாட்டுக்கு அனுப்பலாம்.

வங்சா மாஜூ: எல்ஆர்டி ரயிலில் ஏறும்போது முன்சக்கரம் இடைவெளியில் மாட்டிக்கொள்கிறது.

சாய்வாக வருவதால்தான். சின்னச் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி இடுக்கில் விழும். கதவுக்கு நேர் செங்குத்தாக நின்று, கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி உள்ளே வைத்த பிறகு தள்ளுங்கள். ஸ்டிரோலருக்கும் இதுவே வழி. தூக்க முடியாதவர்கள் நாற்காலியைத் திருப்பிப் பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்பக்கமாக இழுக்கலாம். கதவு மூடும் ஒலி கேட்ட பிறகு முயலாதீர்கள், கிளானா ஜெயா தடத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில்.

மஸ்ஜித் ஜாமேக்: மின்தூக்கியில் வரிசையாக நிற்கிறோம், சக்கர நாற்காலி வந்தால் முன்னே விடணுமா?

விடுங்கள். நடக்க முடிந்தவர்கள் மின்படிக்கட்டுக்குப் போகலாம். ஆனால் ஸ்டிரோலரை மின்படிக்கட்டில் ஏற்றாதீர்கள். ஸ்டிரோலரோடு நீங்கள் மின்தூக்கிக்குக் காத்திருப்பதும் நியாயமே.

பினாங்கு: வார இறுதியில் 204 பஸ்ஸில் கொடிமலைக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போக ஆசை. கொம்தாரில் ஏறினால் அதற்குள் ஸ்டிரோலர்கள் நிறைந்துவிடுகின்றன.

கொம்தாருக்கு முன்னாலேயே ஏறுங்கள் அக்கா. 204 படகுத் துறையான ஜெட்டியில்தான் புறப்படுகிறது. பஸ் காலியாக நிற்கும்போதே ரேம்ப் போட்டு அம்மாவை ஏற்றிவிடலாம், ஓட்டுநருக்கும் அவசரம் இருக்காது. திரும்பும்போதும் கொடிமலை அடிவாரமே தொடக்கம் என்பதால் அதே வசதி. காலையிலேயே போய்விடுங்கள். ஏற்கெனவே வேறொரு சக்கர நாற்காலி உள்ளே இருந்தால் அடுத்த பஸ்தான், அங்கே மட்டும் முதலில் வந்தவருக்கே இடம்.

பத்துமலை: தைப்பூசத்துக்குக் கொமியூட்டர் ரயிலில் போகலாமா? பாட்டி சக்கர நாற்காலியில், தங்கச்சி ஸ்டிரோலரோடு.

பாட்டி நாற்காலியில் வரட்டும், ஸ்டிரோலரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பிள்ளையைத் துணியால் மார்போடு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு வண்டியையும் ஒரே பெட்டியில் நிறுத்த இடம் கிடைக்காது. நாற்காலியின் கால்மிதியை மடித்துவிட்டு ஏறினால் நீளம் குறையும், பாட்டியின் கால் நசுங்காதபடி ஒருவர் முன்னால் நிற்கணும்.