அரிய மரபு நோய்: ஆய்வுக்கு இரத்தம் தரலாமா?
வணக்கம். ஜவ்வாது மலையில் அக்காள் மகளை மணந்த உங்களின் முதல் குழந்தை பெயர் தெரியாத நரம்பு நோயால் இறந்ததையும், உறவினர் உங்கள் மனைவியைப் பழிப்பதையும், ஆய்வுக்குழு ஒன்று குடும்பத்தார் அனைவரிடமும் இரத்தம் கேட்பதையும் எழுதியிருந்தீர்கள்.

உங்கள் மனைவியின் மீது எந்தப் பழியும் இல்லை. உறவுத் திருமணங்களில் தோன்றும் இத்தகைய நோய்கள் பெரும்பாலும், தாய் தந்தை இருவரும் நலமாக இருந்தபடியே மாறிய மரபணுவின் ஒரு பிரதியை ஆளுக்கொன்றாகச் சுமந்து, அவ்விரண்டையும் குழந்தை பெறுவதால் வருபவை. அவ்வாறாயின் ஒவ்வொரு கருவிற்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. ஒரு குழந்தை பாதிக்கப்பட்டதால் அடுத்த மூவர் தப்புவர் என்று பொருளில்லை.

சில மூதாதையரின் வழிவந்து தமக்குள்ளேயே மணம்புரியும் சமூகங்களில் பாதிக்கப்பட்டோர் பலரும், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமின் ஒரே துண்டைப் பெற்றிருப்பதுண்டு என்பதால், நலமாயிருப்போரின் இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நோய்க்குரிய மரபணுவைத் தேட உதவும். தமக்குள்ளேயே மணம்புரியும் கிறித்தவச் சமூகத்தாரான அமெரிக்க ஆமிஷ் மக்களிடையே மரபியல் மருத்துவர் விக்டர் மெக்குசிக் 1960களில் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்ததும் இத்தகைய சூழலில்தான். ஆயினும் கொடுப்பதும் மறுப்பதும் பின்னர் விலகுவதும் உங்கள் உரிமை. முடிவை உங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஆய்வு முடியும்வரை காத்திராமல், அடுத்த கருவுக்கு முன்பே வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் ஆலோசனை பெறுங்கள். மரபணு மாற்றம் இன்னதென்று தெரிந்தால்தான் 11 வாரம் அளவில் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்க இயலும். குழந்தையின் இரத்தமோ டி.என்.ஏ.வோ சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் சேமிக்கப்பட்டுள்ளதா என்று உடனே விசாரியுங்கள். இல்லாவிடினும் உங்கள் இருவரையும் சோதிக்க வழியுண்டு.