கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போகிறார். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன். போன வருஷம் நீட்டில் மார்க் போதவில்லை. வீட்டிலிருந்தே படித்து இந்த வருஷம் மறுபடி எழுதினேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டில் முதல் சுற்றுக் கவுன்சலிங்குக்குக் கூப்பிட்ட பட்டியல், என் ரேங்குக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. கூடப் படித்த இருவருக்கு சீட் கிடைத்துவிட்டது. இரண்டாம் சுற்றில் கண்டிப்பாகக் கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண் விழித்ததும் போனில் அந்த வெப்சைட்டைத்தான் திறக்கிறேன். ராத்திரியில் தூக்கம் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளே போய்விடுகிறேன். நர்சிங்குக்கும் விண்ணப்பம் போட்டிருந்தேன். அது தெரிந்ததும் அம்மா, "அப்ப உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து அவரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்த நாட்களை எப்படித்தான் தள்ளுவது? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

அம்மா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒருவர் அப்படி விட்டார்.

எழுபதுகளின் நடுவில் என் அண்ணன் தொண்டியில் இருந்துகொண்டு மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூ கார்டுக்காகக் காத்திருந்தார். அப்போது நீட் கிடையாது. மாநில நுழைவுத் தேர்வே 1984இல்தான் வந்தது. பி.யு.சி. (கல்லூரிப் புகுமுக வகுப்பு) மார்க்கோடு நேர்முகத் தேர்வு மார்க்கையும் சேர்த்து ஆள் எடுத்த காலம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நேர்முகத்துக்கு மட்டும் 75 மார்க் வைத்திருந்தார்கள்.

அண்ணன் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு டீக்கடை முக்கில் போய், பேப்பர் படிக்கிற மாதிரி நிற்பார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தக்கூட மாட்டார். தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கார்டு கடைசிவரை வரவில்லை. 'உனக்கு இல்லை' என்றும் யாரும் எழுதவில்லை. இதற்கிடையில் பி.எஸ்சி.க்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை அவர் நிரப்பவே இல்லை. நிரப்பினால் கார்டு வராது என்று ஒரு பயம். கல்லூரி திறந்து, இடமெல்லாம் நிரம்பி, ஒரு வருஷம் வீணாய்ப் போனது. டாக்டர் ஆகாததைப் பற்றி அண்ணன் இப்போது பேசுவதே இல்லை. வீணான அந்த ஒரு வருஷத்தைப் பற்றி இன்னமும் பேசுகிறார்.

உனக்கு அவரைவிட ஒரு வசதி இருக்கிறது. உன் ரேங்க் உனக்குத் தெரியும், பட்டியல் எந்த ரேங்கில் நின்றது என்பதும் தெரியும். நடுவில் எத்தனை பேர் என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுது. இரண்டாம் சுற்றில் இடம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள். முதல் சுற்றில் சீட் எடுத்தவர்களில் சிலர் அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு கல்லூரிக்குப் போவார்கள். சிலர் சேராமல் விடுவார்கள். அவர்கள் விட்ட இடங்கள்தான் உன் பட்டியலை நகர்த்தும். 'கண்டிப்பாகக் கூப்பிடுவார்கள்' என்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவர்கள் சொல்வது ஆசீர்வாதம், அவ்வளவுதான், சந்தோஷமாக வாங்கிக்கொள். நாட்களைத் திட்டமிடுவதற்கு மட்டும் அதை நம்பாதே.

இன்னொன்று. நீட்டில் 180 கேள்வி, 720 மார்க். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 குறைப்பு. ஒரே கேள்வியில் 5 மார்க் இடைவெளி வந்துவிடுகிறது. கூப்பிடப்பட்ட கடைசிப் பிள்ளைக்கும் உனக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு கேள்வியாக இருக்கலாம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வருபவர்கள் முன்னால் உள்ளே போய் ஒளியும் அளவுக்கு நீ எதிலும் குறைந்துபோகவில்லை. கோச்சிங் இல்லாமல், பாசி எடுத்த காசில் நடக்கும் வீட்டில் உட்கார்ந்து அந்த ரேங்கைத் தொட்டிருக்கிறாய். எனக்கு அது பெரிய விஷயம்.

சரி, அவர்கள் வந்து "சீட் கிடைச்சிருச்சா?" என்றால் என்ன சொல்வது? "ரெண்டாம் சுற்றுக்குக் காத்திருக்கேன், நர்சிங்குக்கும் போட்டிருக்கேன்" என்று வாசலில் நின்றே சொல். முதல் தடவை தொண்டை அடைக்கும். சொல்லிவிட்டாயானால் ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் கேட்க ஆள் இருக்காது.

வெப்சைட்டை சாயங்காலம் ஒரே தடவை பார். அழைப்பு எப்படியும் உன் போனுக்கு மட்டும் வரும் ரகசியம் இல்லை. பட்டியல் வந்தால் உன் பள்ளி ஆசிரியர் உனக்கு முன்னால் பார்த்திருப்பார். அவரிடம் சொல்லி வை. சீட் கிடைத்த அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் போன் போட்டு வாழ்த்திவிடு. மனசு வராதுதான். அழுதுவிட்டுப் பேசினாலும் பரவாயில்லை. இரண்டாம் சுற்றுக்கு என்னென்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

தூக்கத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இன்னும் சில ராத்திரிகள் இப்படியே போனால், அல்லது வாழ்ந்து என்ன என்கிற மாதிரி ஓர் எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட, அரசு உதவி எண்கள் 104க்கோ 14416க்கோ கூப்பிடு. தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. பக்கத்தில் யாராவது இருக்கும்போதே கூப்பிடு.

மூன்றாம் முறை எழுதுவதா என்று இந்த மாதம் யோசிக்க வேண்டாம். கடைசிச் சுற்று முடியட்டும். அதற்கு முன் நர்சிங் கவுன்சலிங் தேதி வந்தால் போய் உட்கார். நம் மாவட்டத்துக்கு 2022இல்தான் ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது, வருஷத்துக்கு நூறு இடத்தோடு. அங்கே வார்டில் ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் இருப்பவர்கள் நர்சுகள்தான். நீ மனசில்லாமல் போட்ட விண்ணப்பமாகவே இருக்கட்டும், அந்த வேலைக்கு உரிய மரியாதையோடு அதைப் பார்.

அம்மா கேட்டது கோபத்தில் இல்லை, பயத்தில். அவர் கரைக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட்டு உட்காரும் நேரம் பார்த்து அந்தத் தாளைக் காட்டு. எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கிறாய், எது எந்தத் தேதி என்று விளக்கு. உன்னால் முடியவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. என்னோடு பேச வேண்டும் என்றாலும் எழுது, நானே அவரிடம் பேசுகிறேன்.